கொடுத்தால் கெட்டுப்போவார்களா?

தொண்டு நிறுவனங்களின் விழா மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் வாசகம் ஒன்று உண்டு: "மீனைக் கொடுக்காதே, மீன்பிடிக்கக் கற்றுக்கொடு." சிறப்பு விருந்தினராக வரும் அதிகாரி அதைச் சொல்வார். வங்கி மேலாளர் சொல்வார். நிதி தரும் கம்பெனியின் பிரதிநிதியும் சொல்வார். கூட்டம் கைதட்டும். அடுத்ததாக, மூன்று மாதத் தையல் பயிற்சி முடித்த பெண்களுக்குச் சான்றிதழ் கொடுப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் தையல் மெஷின் இருக்கிறது என்று மேடையில் இருக்கும் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

இப்படிப் பேசுகிறவர்களின் நல்ல எண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. பலர் கிராமங்களிலேயே வாழ்ந்து வேலை செய்தவர்கள். ஆனாலும் அவர்கள் நம்பும் கொள்கை தவறு. கிராமப்புற ஏழைகளின் கல்விக்கும் வாழ்வாதாரத்துக்கும் ஒதுக்கப்படும் பணத்தில் பெரும்பகுதி இந்த ஒரு வாசகத்தின் பேரால்தான் வீணாகிறது.

அந்த வாசகத்துக்குள் மூன்று நம்பிக்கைகள் இருக்கின்றன. முதலாவது, ஏழைக்கு விவரம் தெரியாது, அதனால்தான் ஏழையாக இருக்கிறார். ஆகவே பயிற்சியும் விழிப்புணர்வும் கொடுத்தால் போதும். இரண்டாவது, முதல் வேண்டுமென்றால் கடனாகக் கொடு; திருப்பிக் கட்ட வேண்டும் என்ற பொறுப்பு இருந்தால்தான் உழைப்பார். மூன்றாவது, சும்மா கொடுத்தால் சோம்பேறியாவார், கொடுத்ததை மதிக்க மாட்டார், மறுபடியும் கையேந்துவார். இந்த மூன்றையும் கடந்த இருபது ஆண்டுகளில் ஊர் ஊராகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்றும் தேறவில்லை.

தெரியாததால்தான் ஏழையா?

வானம் பார்த்த பூமியில் நிலமில்லாத ஒரு குடும்பத்துப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் தண்ணீர் பிடித்து, சோறாக்கி வைத்துவிட்டுக் களையெடுக்கப் போகிறார். களை இல்லாத மாதத்தில் நூறு நாள் வேலை. அதுவும் இல்லாத நாளில் வசதியான வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். பக்கத்துத் தெருக்காரரின் இரண்டு ஆடுகளைப் பங்குக்கு வளர்க்கிறார். குட்டி ஈன்றால் பாதி அவருக்கு. அந்த ஆடுகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஏதுமில்லை. எந்தக் குழையை ஒடித்துப் போட வேண்டும், எது வயிற்றை ஊதவைக்கும், ஆடு பருவத்துக்கு வந்தால் எப்படிக் கத்தும் என்பதெல்லாம் தெரியும். மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல்லை வயிறுமுட்ட மேய்ந்தால் துள்ளுமாரி வந்து ஆடு செத்துவிழும் என்றும் தெரியும்.

இவரைத்தான் மூன்று நாள் வெள்ளாடு வளர்ப்புப் பயிற்சிக்கு அழைக்கிறோம். ஒரு நோட்டு, ஒரு பேனா, மதியம் ஒரு சாம்பார் சாதப் பொட்டலம், கடைசி நாள் குழுப் படம். பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போகும்போதும் அவரிடம் சொந்த ஆடு இல்லை. மூன்று நாள் கூலி மட்டும் கைவிட்டுப் போயிருக்கிறது.

வங்கதேசத்தில் 1,309 கிராமங்களில் பொருளியலாளர்கள் நடத்திய ஆய்வு ஒன்று இருக்கிறது. 2007இல் தொடங்கி ஏழு ஆண்டுகள் குடும்பங்களைப் பின்தொடர்ந்தது. அந்த ஊர்களின் பரம ஏழைப் பெண்கள் வயல் கூலிக்கும் வீட்டுவேலைக்கும் போனார்கள். அதே ஊரின் வசதியான பெண்கள் மாடு, ஆடு வளர்த்தார்கள். கூலி வேலை பருவத்துக்குப் பருவம் வரும், போகும்; வருமானமும் குறைவு. கால்நடை ஆண்டு முழுவதும் வேலை தரும், வருமானமும் கூடுதல். ஏழைப் பெண்கள் ஏன் மாடு வளர்க்கவில்லை? சோம்பலா, அறியாமையா? அவர்களுக்கு மாடு கொடுக்கப்பட்டது. கொடுத்ததும் அவர்கள் முன்பைவிட அதிக மணிநேரம் உழைத்தார்கள், அதிகம் சம்பாதித்தார்கள். ஏழு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது, சொத்தும் சேர்ந்திருந்தது. இல்லாதிருந்தது மாடுதான்.

பயிற்சியைத் தனியாகச் சோதித்தவர்களும் உண்டு. வளரும் நாடுகளில் நடந்த தொழிற்பயிற்சித் திட்டங்கள் பற்றிய ஆய்வுகளை உலக வங்கிப் பொருளியலாளர் டேவிட் மெக்கன்சி 2017இல் தொகுத்துப் பார்த்தார். 100 பேருக்குப் பயிற்சி கொடுத்தால், அதனால் கூடுதலாக வேலை பெறுவோர் ஏறத்தாழ 2 பேர். பயிற்சியே வேண்டாம் என்று நான் இதற்குப் பொருள் சொல்லவில்லை. பயிற்சி மட்டுமே போதும் என்று திட்டம் போடுபவர் இந்த எண்ணுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்படியானால் பயிற்சிக்கு ஏன் இத்தனை மவுசு? கணக்குக் காட்ட வசதியாக இருப்பதால்தான். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி பெரிய கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். செலவை மார்ச் மாதத்துக்குள் முடித்து, அறிக்கையில் எண்ணிக்கையைக் காட்டவே அவை விரும்புகின்றன. "500 பெண்களுக்குப் பயிற்சி" என்பது ஒரே ஆண்டில் எழுதிவிடக்கூடிய வரி. "50 குடும்பங்கள் மூன்றாண்டுக்குப் பிறகும் மூன்று வேளை சாப்பிடுகின்றன" என்று எழுத மூன்றாண்டு காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாத நிதியாளருக்காகத்தான் ஊர் ஊராக ஊறுகாய்ப் பயிற்சியும் பினாயில் பயிற்சியும் நடக்கின்றன.

கல்வியிலும் இதே கதை. ஏழைப் பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியாது என்று சொல்லி விழிப்புணர்வுப் பேரணி நடத்துகிறோம், தெருமுனை நாடகம் போடுகிறோம். பள்ளிக்கல்வியில் மிகவும் பின்தங்கியிருந்த வட இந்திய மாநிலங்களின் கிராமங்களில் ஆய்வு செய்து 1999இல் வெளிவந்த 'புரோப்' அறிக்கை பெற்றோர்களிடமே கேட்டது. ஆண் குழந்தைக்குப் படிப்பு முக்கியம் என்றவர்கள் 98 சதவீதம். பெண் குழந்தைக்கு முக்கியம் என்றவர்கள் 89 சதவீதம். அருமை தெரியும். பள்ளி தூரமாக இருந்தது, ஆசிரியர் வரவில்லை, நோட்டுப் புத்தகத்துக்கும் உடுப்புக்கும் காசில்லை. இதைச் சரிசெய்யப் பேரணி உதவாது.

கடன் செய்யும் வேலையும் செய்யாத வேலையும்

பயிற்சி போதாது, முதல் வேண்டும் என்று ஒப்புக்கொள்பவர்கள் அடுத்து நீட்டுவது கடன். மகளிர் சுய உதவிக் குழுக்கள் செய்த நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிப் பரவிய அந்த இயக்கம், வங்கி வாசலை மிதித்தறியாத பெண்களைக் கணக்குப் புத்தகத்தோடு உள்ளே போகவைத்தது. கந்துவட்டிக்காரரிடமிருந்து பல குடும்பங்களை விடுவித்தது. சிறு கடையோ வியாபாரமோ ஏற்கெனவே வைத்திருப்பவருக்குக் கடன் உதவும். ஆனால் ஊரிலேயே மிக ஏழையான குடும்பத்தைக் கடன் கரையேற்றும் என்ற நம்பிக்கை வேறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பெண் குழுக்கடன் வாங்கி இரண்டு பெட்டையாடு வாங்குகிறார். ஆடு சினைப்பட ஓரிரு மாதம். சினைக்காலம் 5 மாதம். பிறந்த குட்டி சந்தையில் நல்ல விலைக்குப் போக இன்னும் ஏழெட்டு மாதம். ஆக, ஆட்டிலிருந்து முதல் வருமானம் வர ஓராண்டுக்கு மேல் ஆகும். கடன் தவணையோ இரண்டு வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. உலகெங்கும் பரவிய வாரக்கடன் முறையில் 50 வாரத்தில் முழுக்கடனையும் கட்டி முடிக்க வேண்டும். அதாவது முதல் குட்டி சந்தைக்குப் போகுமுன் கடைசித் தவணையும் கட்டியாக வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வரும்? களையெடுத்த கூலியிலிருந்து வரும். அது போதாவிட்டால் இன்னொரு குழுவில் வாங்கிய கடனிலிருந்து வரும். அதுவும் கிடைக்காவிட்டால் அந்த ஆட்டையே விற்க வேண்டும். இதெல்லாம் அந்தப் பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். அதனால் விவரமான பெண் கடன் வாங்கி ஆடு வாங்குவதில்லை. அன்றாடம் காசு புரளும் காய்கறிக் கூடையோ இட்லிக்கடையோ போடுகிறார், அல்லது மருத்துவச் செலவுக்குக் கட்டுகிறார்.

கொல்கத்தாவில் பொருளியலாளர்கள் எரிகா ஃபீல்ட், ரோகிணி பாண்டே முதலியோர் இதைச் சோதித்தார்கள். கடன் வாங்கிய ஒரு பகுதியினருக்கு வழக்கம்போல இரண்டு வாரத்தில் தவணை. இன்னொரு பகுதியினருக்கு இரண்டு மாத அவகாசம். அவகாசம் பெற்றவர்கள் தொழிலில் அதிகம் முதல் போட்டார்கள். மூன்றாண்டுக்குப் பின் அவர்களின் லாபம் தெளிவாகக் கூடியிருந்தது. அதே சமயம் தவணை தவறியவர்களும் அந்தப் பகுதியில்தான் கூடினார்கள். எந்த விதி கடன் கொடுத்தவரின் பணத்தைக் காக்கிறதோ அதே விதி கடன் வாங்கியவரின் தொழிலை வளரவிடுவதில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இந்தியா, எத்தியோப்பியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ, போஸ்னியா ஆகிய ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் 2015இல் ஒன்றாக வெளிவந்தன. நுண்கடனால் சிலருக்குச் சிறு நன்மை உண்டு, வாழ்க்கையைப் புரட்டிப்போடும் மாற்றம் இல்லை என்பதே அவற்றின் சாரம். தீமை பற்றிச் சொல்ல ஆய்வும் தேவையில்லை. 2010இல் ஆந்திரத்தில் கடன் நெருக்கடியும் தற்கொலைகளும் கைமீறிப் போக, அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. இலங்கையில் போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் கம்பெனிகள் வீடுவீடாக இறங்கின. 2018இல் வறட்சி மாவட்டப் பெண்கள் வாங்கியிருந்த சிறு கடன்களை அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2025 ஏப்ரலில் கட்டாயக் கடன் வசூலைத் தடுக்கும் மசோதாவை நிறைவேற்றியது. வாசலில் வந்து நின்று, டியூ கட்டும்வரை நகரமாட்டேன் என்று சத்தம் போடும் வசூல்காரரைத் தடுக்கவே ஒரு சட்டம் வேண்டியிருந்தது. இலவசம் தன்மானத்தைக் கெடுக்கும் என்று சொல்பவர்கள், தெருவே வேடிக்கை பார்க்க நடக்கும் அந்த வசூலையும் தன்மானக் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சோம்பேறி என்ற பழி

இனி மூன்றாவது நம்பிக்கை. மற்ற இரண்டையும் விட இதுதான் ஆழமாக வேரோடியது. சும்மா கொடுத்தால் உழைக்க மாட்டார்கள், குடித்து அழிப்பார்கள், பொருளை மதிக்க மாட்டார்கள் என்கிறது அது.

உழைப்பு குறைகிறதா? அரசுகள் ஏழைகளுக்குப் பணம் கொடுத்த ஏழு திட்டங்களை, ஆறு நாடுகளில், அபிஜித் பானர்ஜியும் மூன்று பொருளியலாளர்களும் ஆராய்ந்து 2017இல் எழுதினார்கள். பணம் பெற்ற ஆண்களோ பெண்களோ வேலையைக் குறைத்துக்கொண்டதற்கு ஆதாரமில்லை. குடிக்குப் போகிறதா? 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த இன்னொரு கட்டுரையும் 2017இல் வந்தது. பண உதவியால் மது, புகையிலைச் செலவு கூடவில்லை.

மதிக்காமல் போகிறார்களா? கென்யாவில் கர்ப்பிணிகளுக்குக் கொசுவலை கொடுப்பதில் இந்தக் கேள்வி வந்தது. சிறு தொகையாவது வாங்கினால்தான் வலையின் மதிப்பு தெரியும் என்றார்கள் பலர். பொருளியலாளர்கள் ஜெசிகா கோஹனும் பாஸ்கலின் துபாவும் சில மருத்துவ நிலையங்களில் இலவசமாகவும் சிலவற்றில் விலைக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் 60 அமெரிக்க சென்ட் விலை வைத்ததற்கே, வலை வாங்கிச் சென்றவர்களின் விகிதம் 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. இலவசமாகப் பெற்றவர்கள் விலை கொடுத்தவர்களுக்குச் சற்றும் குறையாமல் வலையைக் கட்டித் தூங்கினார்கள். துபா பின்னர் நடத்திய ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: முதலில் இலவசமாக அல்லது மிகக் குறைந்த விலைக்குப் பெற்றவர்கள், அடுத்த வலையைக் காசு கொடுத்து வாங்கவே கூடுதலாக முன்வந்தார்கள். பயனை அனுபவித்தவர் விலை கொடுக்கத் தயங்குவதில்லை.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதைக் கென்யாவிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. காமராசர் காலத்தில் பள்ளியில் மதிய உணவு வந்தபோதும், 1982இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தபோதும், பணவிரயம் என்றும் பிச்சைக்காரர்களை உருவாக்கும் வேலை என்றும் சொன்னவர்கள் இருந்தார்கள். அந்தச் சோற்றைத் தின்ற பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் என்ஜினியர்களாகவும் ஆனதை நம் கண்ணால் பார்த்தோம். 2001இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் பள்ளியில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் 2022இல் காலை உணவும் வந்தது. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். அந்த வயதுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது 32 சதவீதம் உயர்ந்ததாகக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் கணக்கிட்டார்கள். எத்தனை விழிப்புணர்வுக் கூட்டம் போட்டாலும் செய்ய முடியாததை ஒரு சைக்கிள் செய்தது.

இந்தப் பழியின் உண்மையான கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அப்பா வீடு கட்டிக் கொடுக்கிறார், படிக்கவைக்கிறார், கடை வைக்க முதல் தருகிறார், நஷ்டம் வந்தால் தாங்கிக்கொள்கிறார். அந்தப் பிள்ளை சோம்பேறியாகிவிடுவான் என்று யாரும் கட்டுரை எழுதுவதில்லை. அதைப் பெற்றோர் கடமை என்கிறோம். நிலமில்லாத வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு ஆடு கொடுத்தால் மட்டும் அது அவர் ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்று பதறுகிறோம். மனிதரில் இருவகை உண்டு, ஒருவகைக்கு உதவி ஊக்கம், மறுவகைக்கு உதவி நஞ்சு என்று நம்பினால்தான் இந்தப் பதற்றத்துக்கு அர்த்தம் உண்டு. அந்த நம்பிக்கை நம் சமூகத்தில் எங்கிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். வங்கதேச ஆய்வு நடந்த ஊர்களில், ஏழைப் பெண்கள் தங்கள் மாட்டைக் கவனிக்கத் தொடங்கிக் கூலிக்குப் போவதைக் குறைத்ததும், ஊரில் கூலி உயர்ந்தது. ஏழையின் கையில் சொந்த வாழ்வாதாரம் இருந்தால், கொடுத்த கூலிக்கு வரமாட்டார். வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, எல்லாரையும் சோம்பேறியாக்கிவிட்டார்கள் என்ற புலம்பலில் பாதி, குறைந்த கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை என்ற புலம்பல்தான்.

பிராக் கற்றுக்கொண்ட பாடம்

மறுப்போடு நிறுத்தினால் போதாது. என்ன செய்தால் பலன் கிடைக்கும் என்பதற்கும் பதில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது ஒரு தொண்டு நிறுவனம்தான்.

ஷெல் எண்ணெய் கம்பெனியில் உயர் பதவியில் இருந்த கணக்காளர் ஃபசுலே ஹசன் ஆபேத். வங்கதேச விடுதலைப் போர் முடிந்து அகதிகள் ஊர் திரும்பிய 1972இல் அவர் தொடங்கிய நிறுவனம் பிராக். லண்டனில் இருந்த தன் வீட்டை விற்ற பணத்தை அதில் போட்டார். எண்பதுகளில் அதன் பணியாளர்கள் வங்கதேசத்தின் வீடுவீடாகப் போய், உப்பும் வெல்லமும் தண்ணீரில் கலந்து வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 1985இல் 22 ஓரறைப் பள்ளிகளோடு கல்விப் பணி தொடங்கியது. நுண்கடனிலும் உலகின் பெரிய அமைப்புகளில் ஒன்றாக வளர்ந்தது. அப்படிப்பட்ட பிராக்தான் தன் கடன் ஊரின் பரம ஏழைகளைத் தொடவே இல்லை என்று கண்டு, 2002இல் வேறு திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கடன் கொடுத்தே பெயர் வாங்கிய அமைப்பு, கடன் இங்கே உதவாது என்று ஒப்புக்கொண்டது.

திட்டம் இப்படி வகுக்கப்பட்டது. ஊர்க்காரர்களைக் கூட்டி, ஊரின் படத்தைத் தரையில் வரையச் சொல்கிறார்கள். எந்த வீடு வசதி, எந்த வீடு ஏழை, எந்த வீடு எல்லாருக்கும் கீழே என்று ஊரே வரிசைப்படுத்துகிறது. பிறகு பணியாளர்கள் கடைசி வரிசை வீடுகளுக்கு நேரில் போய்ச் சரிபார்க்கிறார்கள். நிலம் 10 சென்டுக்குக் குறைவா, சம்பாதிக்கும் ஆண் இல்லையா, வீட்டுவேலையையோ பிச்சையையோ நம்பிப் பிழைப்பா, பள்ளி வயதுப் பிள்ளை வேலைக்குப் போகிறதா என்று பார்க்கிறார்கள். தேர்ந்தெடுத்த பெண்ணுக்கு மாடோ ஆடோ கோழியோ சிறு வியாபாரச் சரக்கோ இலவசமாகத் தருகிறார்கள். அது பலன் தரும்வரை சாப்பாட்டுக்கு உதவித்தொகை. அவர் கையில் இருக்கும் அந்தக் கால்நடையை வைத்தே பயிற்சி. சிறு சேமிப்பு. நோய் வந்தால் மருத்துவ உதவி. வாரம் ஒருமுறை ஒரு பணியாளர் வீடு தேடி வருகிறார்; மாட்டையும் பார்க்கிறார், பிள்ளை பள்ளிக்குப் போனதா என்றும் கேட்கிறார். ஏறத்தாழ இரண்டாண்டில் உதவி நிற்கிறது.

முன்பு போட்ட ஆட்டுக் கணக்கை இதோடு ஒப்பிடுங்கள். தவணை இல்லை. ஈனும்வரை காத்திருக்கச் சோறு இருக்கிறது. காய்ச்சல் வந்தால் ஆட்டை விற்க வேண்டியதில்லை. மீனும் உண்டு, தோணியும் உண்டு, கற்றுக்கொடுப்பதும் உண்டு. ஒன்றைக் கொடுத்தால் மற்றதைக் கொடுக்கக் கூடாது என்று யார் சொன்னது?

மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பந்தன் அமைப்பு இதையே செய்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலியோர் அந்தக் குடும்பங்களைப் பத்தாண்டு பின்தொடர்ந்தார்கள். உதவி பெறாத அதே நிலைக் குடும்பங்களைவிட இவர்களின் வருமானமும் சாப்பாட்டுச் செலவும் உயர்ந்தன. முதல் ஏழாண்டு வித்தியாசம் கூடிக்கொண்டே போனது, பத்தாவது ஆண்டிலும் குறையவில்லை. ஒருமுறை கொடுத்த உதவியின் பலன் பத்தாண்டு நிலைத்தது. ஆட்டோடு நின்றுவிடாமல் வேறு தொழிலுக்கும் வெளியூர் வேலைக்கும் போனார்கள். மறுபடி கையேந்துவார்கள் என்றவர்கள் இந்தப் பத்தாண்டுக் கணக்கைப் பார்க்கட்டும்.

எல்லா இடத்திலும் வெற்றி என்று நான் சொன்னால் அது நேர்மையாகாது. ஹோண்டுராசில் கொடுத்த கோழிகளில் பெரும்பாலானவை நோயில் செத்தன, செலவு மிஞ்சியது. தெலங்கானாவின் மேடக் மாவட்டத்தில் நடந்த திட்டத்தில், உதவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அங்கே கூலி வேலை நன்றாகக் கிடைத்த காலம் அது. பெறாதவர்கள் கூலியால் முன்னேறினார்கள், பெற்றவர்களில் பலர் கால்நடையை விற்றுப் பழைய கடனை அடைத்தார்கள். கானாவில் ஆட்டை மட்டும் கொடுத்து மற்றதை விட்டுப் பார்த்தார்கள்; பலன் நிலைக்கவில்லை. இந்தத் தோல்விகளில் ஒன்றுகூடக் கொடுத்ததால் ஏழை சோம்பேறியானார் என்று காட்டவில்லை. அந்த ஊரில் எது பலன் தரும் என்று பார்க்காமல் கொடுத்ததையும், பாதியைக் கொடுத்து மீதியை மறந்ததையும்தான் காட்டுகின்றன.

செலவு யாருடையது?

கடைசியாக எழும் கேள்வி: இத்தனை செலவை யார் தாங்குவது? வீட்டுக்கு வீடு வாரம் ஒருமுறை ஆள் போக வேண்டுமென்றால் பயிற்சி முகாமைவிடப் பல மடங்கு செலவுதான். ஆனால் செலவைப் பலனோடு சேர்த்துத்தான் எண்ண வேண்டும். பிராக் முறையை ஆறு நாடுகளில் சோதித்த முடிவுகளைச் சேர்த்து 2015இல் வெளியான கட்டுரையில், இந்தியாவில் போட்ட ஒரு ரூபாய்க்கு நான்கு ரூபாய்க்கு மேல் பலன் வரும் என்று மதிப்பிட்டார்கள். 500 பேருக்குச் சான்றிதழ் கொடுத்து 10 பேருக்கு வேலை கிடைக்கும் திட்டம்தான் உண்மையில் விலை கூடிய திட்டம்.

தொண்டு நிறுவனம் ஒரு நாட்டின் ஏழைகள் எல்லாரையும் தாங்க முடியாது, தாங்கவும் வேண்டாம். அது செய்து காட்ட வேண்டும், அரசு எடுத்து விரிக்க வேண்டும். பீகார் அரசு 2018இல் அப்படித்தான் இந்த முறையைத் தன் திட்டமாக்கியது; மதுவிலக்கால் சாராயம், கள் பிழைப்பை இழந்த குடும்பங்களும் பரம ஏழைகளும் அதில் சேர்க்கப்பட்டார்கள். தமிழக அரசு 2011இல் ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடு, கறவைப் பசு என்று விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியபோது, தொண்டு உலகத்தில் பலர் அதை ஓட்டுக்கான இலவசம் என்று ஒதுக்கினார்கள். அங்கேதான் அவர்களுக்கு வேலை இருந்தது. வாரம் ஒருமுறை வீடு தேடி வரும் பணியாளரும், ஆடு பலன் தரும்வரை சாப்பாட்டுக்கான தொகையும் அந்தத் திட்டத்தில் இல்லை. அரசு ஆட்டைக் கொடுத்தது. இந்த இரண்டையும் தொண்டு நிறுவனங்கள் சேர்த்திருந்தால் முர்ஷிதாபாத்தைப் போலத் தமிழ்நாடும் உலகுக்கு வழிகாட்டியிருக்க முடியும்.

இதைப் படிப்பவர்களில் பலர் ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்துக்கு மாதம்தோறும் பணம் அனுப்புகிறவர்களாக இருப்பீர்கள். சிலர் கம்பெனியின் சமூகப் பணி நிதியைப் பங்கிடும் இடத்தில் இருப்பீர்கள். உங்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த அறிக்கை வரும்போது எத்தனை பேருக்குப் பயிற்சி என்று பார்க்காதீர்கள். பயிற்சி முடித்தவர் கையில் தொழில் செய்யப் பொருள் என்ன கொடுத்தீர்கள், அது பலன் தரும்வரை அவர் குடும்பம் எதைச் சாப்பிட்டது, மூன்றாண்டு கழித்து அந்த வீட்டுக்கு யார் போய்ப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், பதில் சொல்லக்கூடிய நிறுவனத்துக்கு உங்கள் பணத்தை மாற்றுங்கள்.